தாமல் ஏரி டேப்பில் குறைந்த ஒரு வரிசை

முதலில் நடந்தவை, நடந்த முறைப்படி:

1. தாமல் ஏரியின் நீர்மட்டத்தையும் மதகின் நிலையையும் மணிக்கு ஒருமுறை காகித டேப்பில் துளையிடும் கருவி, சித்திரை மாதம் முழுவதும் நிற்காமல் ஓடியது.
2. அந்த டேப் காஞ்சிபுரத்தில் எங்கள் அளவீட்டு அலுவலகத்துக்கு வந்தது.
3. நான் அதைச் சென்னைக்கு எடுத்துப்போய்க் கம்ப்யூட்டரில் படித்தேன்.
4. மூடியிருக்க வேண்டிய மதகு, மாதத்தின் பிற்பாதியில் நாள்தோறும் இருபத்து மூன்று மணி நேரம் திறந்திருந்ததாகக் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தது.
5. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் முனுசாமியை வேலையிலிருந்து நீக்க உத்தரவு தயாரானது.
6. முனுசாமி மதகைத் தொடவே இல்லை.

ஐந்தாவதையும் ஆறாவதையும் அறிந்துகொள்வதற்கு நடுவே எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு பகல். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் அந்தப் பகலைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். டேப்பை எலி கடித்தது என்றுகூட ஒருவர் சொன்னார். எலிக்கு அதில் சம்பந்தமில்லை. அதனால் எழுதுகிறேன்.

டேப்பில் இருப்பது என்ன

நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, சென்னையில் புரோகிராமிங் பயிற்சி எடுத்தவள். எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. சென்னை மையத்தில் எங்களுக்கென்று வாரத்தில் ஒருநாள் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். டேப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போவேன்.

டேப்பின் அகலத்தில் எட்டுத் துளைகளுக்கு இடம் உண்டு. துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அகலவாட்டில் ஒரு வரிசை என்பது ஒரு பைட். எட்டு இடத்துக்கும் 1, 2, 4, 8 என்று 128 வரை இரட்டித்துப் போகும் மதிப்பு; துளை உள்ள இடங்களைக் கூட்டினால் பூஜ்யம் முதல் 255 வரை ஓர் எண். நடுவே ஒரு சின்னத் துளை எல்லா வரிசையிலும் இருக்கும். அது, டேப்பைப் படிக்கும் ரீடரின் பற்சக்கரம் அதை இழுப்பதற்கு மட்டும்.

தாமல் கருவி ஒவ்வொரு மணிக்கும் நான்கு வரிசை துளைக்கும். அதுதான் ஒரு ரிக்கார்டு.

முதல் வரிசை: மணி. பூஜ்யம் முதல் 23 வரை.
இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து: நீர்மட்டம், மில்லிமீட்டரில். ஒரே பைட்டில் அடங்காத எண் என்பதால் இரண்டு. முதலாவதை 256ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட வேண்டும்.
நான்காவது: மதகு. மூடியிருந்தால் பூஜ்யம். விரலளவு தூக்கியிருந்தாலும் பூஜ்யம் அல்லாத எண்.

டேப்பில் இவ்வளவுதான். 'இது மணி, இது மட்டம்' என்று எங்கும் எழுதியிருக்காது. ரிக்கார்டுக்கும் ரிக்கார்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. எட்டுத் தடமும் எண்ணுக்கே போய்விடுவதால் சரிபார்க்கத் தனித் தடமும் இல்லை. முதல் வரிசையைச் சரியாகப் பிடித்து, ஒன்று, இரண்டு, ஒன்று என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கான புரோகிராம் பகுதியை, வாசிப்பு ரொட்டீனை, நான்தான் எழுதினேன். முதன்முதலில் அது ஓடி, வெறும் ஓட்டைகளிலிருந்து ஏரித் தண்ணீரின் உயரம் அச்சாகி வந்தபோது, மையத்து ஆபரேட்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் கைதட்டிவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை.

இருபத்து மூன்று மணி நேரம்

நவரைப் பருவ நெல் அறுவடை முடிந்ததும் மதகை மூடிவிடுவார்கள். மிஞ்சும் தண்ணீர் கோடையில் மாடு கன்றுக்கும் அடுத்த நடவுக்கும். அந்த வருஷம் தண்ணீர் வேகமாக இறங்குகிறது, யாரோ மதகைத் தூக்குகிறார்கள் என்று, ஏரிப் பாசனத்தில் பயிரிடும் ஆயக்கட்டு விவசாயிகள் புகார் கொடுத்திருந்தார்கள். எங்கள் உதவிப் பொறியாளர் சிவலிங்கம், "மதகை மட்டும் முதல்ல எடுத்துக் குடும்மா, மட்டமெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். ஒதுக்கிய நேரத்தில் அது ஒன்றுக்குத்தான் இடம். இருபத்து நான்கு ரிக்கார்டை ஒரு நாளாக எண்ணி, அந்த நாளில் மதகு எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்று மட்டும் அச்சடிக்கச் செய்தேன்.

மாதத்தின் முதல் பாதி முழுக்கப் பூஜ்யம். பிறகு ஒரு நாள் 14. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் 23.

சிவலிங்கம் சார் அறையில் அந்தத் தாளை நடுவில் வைத்துப் பேசினார்கள். ஆயக்கட்டுத் தலைவர் ஏகாம்பரம் எதிரில் உட்கார்ந்திருந்தார். முனுசாமி கதவோரம் நின்றிருந்தார். பல வருஷமாகத் தற்காலிக லஸ்கர். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மாதம்தான் வர வேண்டியிருந்தது.

"இருவத்தி மூணு மணி நேரம்!" என்றார் ஏகாம்பரம். "அந்த ஒரு மணி நேரம் எதுக்கு சார் மூடனான்?"

"மதகுக்கும் மூச்சு வாங்கும் இல்ல" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

முனுசாமி சிரிக்கவில்லை. "எனக்குக் கழனியே இல்ல சார். தண்ணிய வுட்டு நான் என்னா பண்ணப் போறேன், துணியா தொவைக்கப் போறேன்?"

"நீ தொவைக்க மாட்ட" என்றார் ஏகாம்பரம். "கீழ்க்கழனிக்காரன் நட்டுக்குவான், அறுத்ததும் உனக்கு நெல்லு அளப்பான். வாய்க்கால்ல ஈரம் காயவே இல்லயே, நான் பாத்துக்கினுதானே இருக்கேன்."

"அது எப்பவும் கசியற மதகுப்பா! நீ பொறந்ததுலருந்து கசியுது!"

"போதும்" என்றார் சிவலிங்கம் சார். "முனுசாமி, நான் சொன்னா நீ என் மேல கோவம்னு சொல்லலாம். ஏகாம்பரம் சொன்னா பகைன்னு சொல்லலாம். இது கம்ப்யூட்டர். அதுக்கு நீ மாமனா மச்சானா?"

மறுநாள் ஊரில் கருட சேவைத் திருவிழா. அதற்கு அடுத்த நாள் காலை ஆயக்கட்டுக் கூட்டம். அங்கேயே உத்தரவைக் கொடுத்துவிடுவதாக முடிவானது.

வெளியே வந்ததும் முனுசாமி என்னிடம் வந்தார். என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நீங்கதான் அந்த மிஷினாண்ட போயி வந்தீங்களாம். நான் மூடி வச்சிக்கினு இருக்கறத, தொறந்தேன்னு அது எப்டிம்மா சொல்லுது? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரி கொழாயாண்ட தண்ணி புடிக்கப் போனா, 'உங்களுக்குத்தான் ஏரியே இருக்குதே'ன்னு கேக்கறாங்க."

"பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 23 என்ற எண் என்னை விடவில்லை. திருடுகிறவன் ஒருநாள் ஐந்து மணி நேரம் திறப்பான், ஒருநாள் பயந்து திறக்கவே மாட்டான். நாள் தவறாமல் இருபத்து மூன்று மணி நேரம் ஒரு மனிதனால் திருட முடியாது. அத்தனை ஒழுங்கு கருவிக்குத்தான் வரும்.

கருட சேவை அன்று

மறுநாள் சென்னைக்குப் போய்விடலாம் என்றால் வழியில்லை. கருட சேவைக்குப் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். மையத்தில் எங்களுக்கு நேரமும் கிடையாது. உள்ளூர் விடுமுறை வேறு. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: கம்ப்யூட்டர் செய்வதைக் கையால் செய்வது.

எங்கள் டேப்புகளை வாங்கி, சுற்றி, பெயர் ஒட்டி வைப்பவள் சரோஜா. என் வயதுதான். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். சாவி அவளிடம் இருந்தது. கூட்டத்தில் நீந்தி வந்து அலுவலகத்தைத் திறந்தாள். தலையில் பூ, கையில் ஒரு தொன்னை நிறையப் புளியோதரை.

"சாமி பாக்க வராம ஓட்ட பாக்கக் கூப்டற ஒரே ஆளு நீதான் பானு" என்றாள்.

அலுவலகம் பழைய வீடு. நீளமான தாழ்வாரம் இருந்தது. ஒரு மாத டேப் இருபத்து நான்கு அடி. சரோஜா ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டி, தறிக்குப் பாவு நீட்டுவதுபோல ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து நிறுத்திவிட்டாள். காலை வெயில் பின்னாலிருந்து விழுந்தது. துளைகளெல்லாம் புள்ளி புள்ளியாக எரிந்தன. ஒரு மாதத்து ஏரி, எங்கள் தாழ்வாரத்தில், ஒரே பார்வையில்! கம்ப்யூட்டர் அறையில்கூட நான் அதை அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு வரிசை. நீளத்தில் ஒரு சாணுக்குச் சற்று கூட. சரோஜா சாண் போட்டுக்கொண்டே நடந்து, 14 என்று அச்சான நாளில் விரலை வைத்தாள். அதற்கு முந்தைய நாளிலிருந்து தொடங்கினோம். அவள் துளைகளைச் சொன்னாள், நான் கூட்டி எழுதினேன்.

"நாலு, ரெண்டு, ஒண்ணு."

"ஏழு. மணி ஏழு. அடுத்தது?"

"எட்டு, நாலு, ஒண்ணு. அடுத்தது அறுவத்திநாலு, பதினாறு, நாலு."

"பதிமூணு, எண்பத்துநாலு. மட்டம் 3412. மதகு?"

"ஒண்ணுமில்ல. மொட்ட."

மூடியிருக்கிறது. மணி எட்டு, ஒன்பது, பத்து. மட்டம் 3412, 3411, 3411. மதகு மொட்டை, மொட்டை, மொட்டை. அடுத்த நாளுக்குள் நுழைந்தபோது இருவருக்கும் வேகம் வந்துவிட்டது. அவள் பாட்டுப்போலச் சொல்ல, நான் எழுதிக்கொண்டே வந்தேன். மணி எட்டு முடிந்தது. அடுத்து ஒன்பது வர வேண்டும்.

"எட்டு, நாலு, ஒண்ணு" என்றாள்.

"அது பதிமூணு. சரியா பாரு. எட்டும் ஒண்ணும்தானே?"

"எட்டு, நாலு, ஒண்ணுதான். எனக்குக் கண்ணு இருக்குது."

ஒன்பது மணி இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று. பதின்மூன்று என்பது மட்டத்தின் முதல் பைட். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய மணியைக் காணவில்லை.

சரோஜா டேப்பின் அருகே குனிந்து, சட்டென்று சிரித்தாள். "அட, இது நான் ஒட்டன எடம்! தெரியுதா உனக்கு? தெரியாதே!"

"எதை ஒட்டின?"

"தாமல்லருந்து கொண்டாந்தபோதே இங்க கிழிஞ்சிருந்துது. பிசிற வெட்டிட்டு, அடியில மெல்லிசு காகிதம் குடுத்து, கஞ்சி தடவி, ஓட்டையெல்லாம் ஊசியால தொறந்து வுட்டேன். நீ டேப்ப வாங்கிக்கினு போறப்ப கண்டுபுடிக்கறியான்னு பாத்துக்கினே இருந்தேன். கண்டுபுடிக்கல!"

விரலால் தடவிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு. இழுக்கும் துளைகள் அச்சுப் பிசகாமல் அதே இடைவெளியில் இருந்தன. ரீடரின் பற்சக்கரத்துக்கே தெரியாத ஒட்டு.

"பிசிறுன்னு எவ்ளோ வெட்டின?"

"நெல்லு மணி அகலம்கூட இல்ல. ஒரே ஒரு கோடு."

அந்த ஒரு கோடுதான் அன்றைய ஒன்பது மணி.

நான் தரையில் உட்கார்ந்து வேகமாக எழுதிப் பார்த்தேன். ஒரு வரிசை போய்விட்டது, கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அது நான்கு நான்காகவே எடுத்துக்கொண்டு போகிறது. மட்டத்தின் முதல் பைட்டை மணி என்று எடுக்கிறது. மட்டத்தின் மறுபாதியையும் மதகையும் சேர்த்து மட்டம் என்கிறது. அதன்படி 75க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம், 19200 மில்லிமீட்டர். பத்தொன்பது மீட்டர்! மட்டத்தை அன்றே அச்சடித்திருந்தால் முதல் பார்வையிலேயே சிரித்திருப்பேன். கடைசியில் மதகு என்று அது எடுப்பது எதை? அடுத்த ரிக்கார்டின் மணியை.

"சரோஜா! மணி பத்துன்னா பூஜ்யம் இல்ல, அதனால மதகு தொறந்திருக்கு. பதினொண்ணு, தொறந்திருக்கு. இருபத்து மூணு வரைக்கும் தொறந்திருக்கு. ராத்திரி பன்னெண்டு மணி மட்டும்தான் பூஜ்யம். அதான் அந்த ஒரு மணி நேரம் மூடியிருக்கு!"

அவளுடைய சிரிப்பு போய்விட்டது. "அப்போ முனுசாமி அண்ணன் வேல போறது என்னாலயா?"

"போகல இன்னும்."

"நெய்யற வூட்ல இழை அறுந்தா ஒட்டு தெரியக் கூடாது பானு. தெரிஞ்சா அந்தப் பொடவையே ரெண்டாந்தரம். நான் அதத்தான் பண்ணேன்."

"டேப்ல ஒட்டு தெரியணும்."

"அசிங்கமா இருக்காது?"

"இருக்கட்டும்."

புளியோதரையைத் தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். ஒட்டுக்குப் பிறகு மூன்று வரிசையைத் தள்ளி, அடுத்த மணியிலிருந்து நான்கு நான்காக எடுத்து, மாதக் கடைசி வரை படித்தோம். மதகு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. வெளியே மேளச் சத்தம் எங்கேயோ தூரத்துத் தெருவுக்குப் போயிருந்தது.

அட்டையில் ஒரு ஜன்னல்

காலையில் கூட்டம் கூடுவதற்கு முன் சிவலிங்கம் சாரிடம் போனேன். நான்கு வரிசை மட்டும் தெரியும்படி ஓர் அட்டையில் ஜன்னல் வெட்டியிருந்தேன். டேப்பை மேசையில் விரித்து, அட்டையை அதன் மேல் நகர்த்திக் காட்டினேன். ஏகாம்பரமும் வந்து எட்டிப் பார்த்தார்.

சார் புத்திசாலி. கேட்க வேண்டியதைக் கேட்டார். "மூணு வரிசை தள்ளிப் படிச்சா மூடியிருக்கு. தள்ளாம படிச்சா தொறந்திருக்கு. அப்போ உனக்கு வேணும்ங்கற மாதிரி எங்கேருந்து வேணா படிச்சிக்குவியா?"

"இல்ல சார். அந்த ஒட்டுக்கு அப்புறம் நாலு இடத்துலருந்து தொடங்கலாம். நாலையும் நீங்களே படிச்சுப் பாருங்க. மணி ஒண்ணு ஒண்ணா ஏறணும். மட்டம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். ரெண்டும் சேந்து வர்ற இடம் ஒண்ணுதான் இருக்கும்."

அவரே அட்டையை வாங்கி நகர்த்தினார். முதல் இடத்தில் மணி பதின்மூன்றிலேயே நின்றது. "நாள் பூரா ஒரு மணிதானா?" என்று முனகினார். இரண்டாவது இடத்தில் மணி 75, 74 என்று வந்தது. மூன்றாவதில் மணி வெறும் பூஜ்யம். நான்காவதில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மட்டம் 3403, 3403, 3402. அவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு மிகவும் கஷ்டப்பட்டேன். பத்து ரிக்கார்டு படித்ததும் அட்டையைக் கீழே வைத்தார்.

"இந்த ஒட்டு யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் சரோஜா, கதவருகிலிருந்து.

"உன் மேல ஆக்‌ஷன் எடுக்கணும் தெரியுமா?"

"ஒட்டினா குறிக்கணும்னு நாம யாரும் அவகிட்ட சொல்லல சார்" என்றேன். "மணி வரிசையா வருதான்னு என் ப்ரோக்ராமும் பாக்கல. பாத்திருந்தா அங்கயே நின்னிருக்கும்."

அவர் மறுபடி டேப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார். ஒட்டைக் கண்டுபிடிக்க அவராலும் முடியவில்லை. சரோஜா வந்து காட்ட வேண்டியிருந்தது. "பிரமாதமா ஒட்டித் தொலைச்சிருக்க" என்றார். அதற்கு மேல் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

ஏகாம்பரம் விடுவதாயில்லை. "சரி, மதகு மூடித்தான் இருந்துது. அப்போ தண்ணி எங்க போச்சி?"

"வெயில்ல போச்சுங்க. ஒரு நாளைக்கு எட்டு மில்லிமீட்டர். முதல் பாதியிலயும் அதேதான், பிற்பாதியிலயும் அதேதான்."

"நல்லாருக்குதே! வெயில் மேல எங்க போயி புகார் குடுக்கறது?"

"குடுங்க, அதையும் விசாரிக்கறேன்" என்றார் சிவலிங்கம் சார். உத்தரவை நான்காக மடித்துக் கிழித்தார்.

கூட்டத்தில் முனுசாமி வழக்கம்போல ஓரத்தில் நின்றிருந்தார். சார் விஷயத்தைச் சொன்னதும் யாரும் கைதட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஏகாம்பரம் மட்டும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, "வா, ஒக்காரு" என்றார். முனுசாமி உட்காரவில்லை. கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"கண்டுபுடிச்சீங்களாமே. எப்டிம்மா சொல்லுச்சி அது?"

அட்டையையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வரிசை தள்ளிக் காட்டினேன், திருப்பி வைத்துக் காட்டினேன். அவரே நாலைந்து முறை நகர்த்திப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரு பொய் சொல்லல. எடம் மாறி நின்னுக்கினு எண்ணியிருக்குது" என்றார்.

"ஆமா."

"அப்போ அதுக்கு நிக்கற எடத்தக் காட்டணும்மா, யாராவது."

என்ன செய்கிறோம்

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பைட்டுக்குத் தான் யாரென்று தெரியாது. அதே துளைகள்தான் மணியாகவும் மட்டமாகவும் மதகாகவும் ஆகின்றன. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் அதை முடிவு செய்கிறது. எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பதின்மூன்று, பூஜ்யத்துக்கும் 23க்கும் நடுவேதான் இருந்தது. முந்தையதை அடுத்து வர வேண்டியதுதான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஊகித்துக்கொண்டு மேலே போகாதீர்கள், நில்லுங்கள்.

இப்போதைய நிலை:

கருவி ஒவ்வொரு நாள் தொடக்கத்திலும் எட்டுத் துளையும் நிறைந்த வரிசை நான்கைத் துளைக்கிறது. ரொட்டீன் அவற்றைத் தேடிப் பிடித்த பிறகே எண்ணத் தொடங்குகிறது. மணி தப்பினால் நிற்கிறது.

கிழிந்த டேப்பை இன்னமும் சரோஜாதான் ஒட்டுகிறாள். ஒட்டின் இருபுறமும் சிவப்பு மையால் கோடு போட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போடுகிறாள்.

முனுசாமி நிரந்தர லஸ்கர். டேப்பை அவரே கொண்டுவருகிறார், ஒரு முறத்தில் வைத்து, யார் கையிலும் கொடுக்காமல்.

இன்று காலை வந்த டேப்பில் சரோஜா போட்ட ஒட்டு இரண்டு. இரண்டிலும் சிவப்புக் கோடு இருக்கிறது. மட்டம் 2960. மதகு மூடியிருக்கிறது.